ஐந்தாம் குழியின் ஈர மணல்

கோல்ப் மட்டையை நான் ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் ஒன்பது குழிகள் கொண்ட ஒரு திடலில் பந்து எங்கே போகும், எங்கே சிக்கும், யார் எந்த மரத்துக்குப் பயப்படுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஒரு காலத்தில் என்னால் முடிந்தது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை சொன்னேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கெடா மாநிலத்து ஜித்ராவில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் கல்யாணமாகி சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். பால் வெட்டத் தெரியாது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பழக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே கத்தியை வாங்கிக்கொண்டார். "இந்தப் பொண்ணு பட்டையை வெட்டச் சொன்னா மரத்தையே வெட்டிப்புடும்" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். சிரிப்பு அடங்கும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் என்னைக் கோல்ப் திடலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திடல் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. நாலு பக்கமும் பால் மரங்கள் வரிசை வரிசையாக நிற்க, நடுவில் மட்டும் திடீரென்று புல்வெளி. அதில் வரிசைக்கு அடங்காத மரங்கள்: சவுக்கு, அங்சானா, தூங்குமூஞ்சி. காலையில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். மரங்களின் மேல்பாதி மட்டும் மிதக்கும். அதற்கு அப்பால் ஜெராய் மலை, சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. முதல் வாரம் முழுக்க வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

பந்தைச் சிக்க வைப்பதற்கென்றே தோண்டிய மணல் பள்ளங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் ஓர் அக்காவும். அக்கா தோட்டத்திலேயே பிறந்தவர். அவர் வாய் ஓயாது, என் வாய் திறக்காது. அதனால்தான் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. திடல் முழுக்கப் பதினோரு மணல் பள்ளங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆடியவர்களின் காலடிகளையும் மட்டை கிளறிய குழிகளையும் காலையில் வாரியால் இழுத்து, விளக்குமாற்றால் சமப்படுத்த வேண்டும்.

அழிப்பதற்கு முன்னால் பார்ப்பேன். அப்படித்தான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். தோட்ட மானேஜரான பெரிய துரையின் காலடி அகலமானது. மூன்றாம் குழி மணலில் தவறாமல் இருக்கும். ஓரிடத்தில் ஏழு எட்டு வெட்டு இருந்தால் அது கோபம். வெளியேறும் காலடி ஆழமாக இருந்தால் பந்து இன்னொரு பள்ளத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் அதே காலடி அங்கேயும் இருக்கும்.

மரங்களும் மணலும் ஒன்றாகச் சேர்ந்து ஆளை நடத்துகின்றன என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. இரண்டாம் குழிக்குப் போகும் வழியில் இரு பக்கமும் சவுக்கு மரங்கள். காற்று அந்தச் சந்துக்குள் நுழைந்து பந்தை இடது பக்கம் தள்ளும். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் இடத்தில் ஒரு மணல் பள்ளம் வாயைத் திறந்து படுத்திருக்கும். எந்தக் காலத்துத் துரை அதைத் தோண்டச் சொன்னாரோ, மனுஷ மனசை நன்றாகப் படித்தவர். ஆசைப்பட்டவனின் பந்து விழும் இடமாகப் பார்த்துத் தோண்டியிருந்தார்.

ஐந்தாம் குழிதான் இருப்பதிலேயே அழகு. புல்வெளி நேராகப் போய் வலது பக்கம் முழங்கை மாதிரி மடங்கும். மடங்கும் இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகள் தாழ்ந்து, குடை மாதிரி விரிந்து, குழி இருக்கிற, பச்சைத் தட்டுப் போன்ற கிரீன் வரைக்கும் நிழல் தரும். கிளைகளுக்கு அடியில் பந்தைத் தாழ அடித்தால் குறுக்கு வழி. ஆனால் கிரீனுக்கு முன்னால், பாதி நிழலிலும் பாதி வெயிலிலுமாக ஒரு மணல் பள்ளம். ரொம்பக் கெட்டிக்காரர் அடித்தால் பந்து அதைத் தாண்டிப் போகும். மற்றவர்கள் பந்து அதற்குள் இறங்கும். மரத்துக்கு இடது பக்கமாகச் சுற்றிப் போகவும் வழி உண்டு. நீளம் அதிகம். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டுவதற்கு முன் நாங்கள் மணலில் தண்ணீர் தெளிப்போம்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா இரண்டு பூவாளிகளில் தண்ணீர் பிடித்து வந்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. விடிந்ததும் வாசல் என்றால் தெளித்துத்தான் கூட்டுவார்கள். காய்ந்த மண்ணை அப்படியே கூட்டினால் தூசி பறக்கும், பார்ப்பவர் சோம்பேறி என்பார்கள். பதினோரு மணல் பள்ளங்களும் எங்களுக்குப் பதினோரு வாசல். தெளித்து, வாரி, கூட்டி முடித்தபின் மணல் அப்பளம் மாதிரி வழவழவென்று இறுகிக் கிடக்கும். கோலம் மட்டும்தான் போடவில்லை. ஆட வருபவர்கள் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். அதற்குள் வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும். நாங்கள் தண்ணீர் தெளிப்பது ஒருவருக்கும் தெரியாது.

கிராணியார் வந்தது அடுத்த வருஷம். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், யாழ்ப்பாணக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் கைகளை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். அவருக்குக் கிளப்பில் சேர ஆசை. அதுவரை கிராணிமார் யாரும் அந்தக் கிளப்பில் இருந்ததில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதம் காலையில் ஆபீஸ் திறக்கும் முன் மட்டும் அவர் பழகிக்கொள்ளலாம். அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளப் செயலாளரான சின்ன துரையோடு ஒன்பது குழியும் ஆடிக் காட்ட வேண்டும். ஐம்பத்து நாலு அடிக்குள் முடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் இனிமேல் கேட்கக் கூடாது.

இதெல்லாம் அக்கா விசாரித்துச் சொன்னது. "தோத்தா அவருக்கு ஆபீஸ்ல தலை நிமிர முடியாது லா. டைப் அடிக்கிற பையன்லேர்ந்து எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

பனிக்குள்ளிருந்து அவர் வருவார். முதலில் மட்டை உரசும் சத்தம், அப்புறம் வெள்ளைச் சட்டை, கடைசியாக முகம். எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்போம். ஒன்றும் பேச மாட்டார். ஆனால் அந்த ஆறு மாதமும் அந்தத் திடலில் அந்த நேரத்துக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். பந்து மரத்தில் பட்டால் மூன்று பேருக்கும் கேட்கும். நல்ல அடி விழுந்தால் மூன்று பேருக்கும் தெரியும்.

ஐந்தாம் குழியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதல் அடி மரத்துக்கு முன்னால். இரண்டாவது கிளைக்கு அடியில் தாழ. பந்து உருண்டு மணல் பள்ளத்தில் இறங்கும். அவர் பதறுவதே இல்லை. வேண்டுமென்றேதான் அங்கே அனுப்புவார். இறுகிய மணலில் பந்து முட்டை மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். ஒரே சீவு, பந்து கிரீனில். இரண்டு தட்டு, குழிக்குள். மொத்தம் ஐந்து.

"பெரிய துரை அந்தப் பள்ளத்துல பத்து வாட்டி வெட்டுறாரு. நம்ம ஆளு ஒரே சீவு" என்பார் அக்கா. "இவருக்குக் கையில என்னமோ இருக்கு."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

மாசி மாதம் வந்தது. கெடாவில் வெயில் ஏறும் மாதம். பால் மரங்கள் இலை சிவந்து உதிர்த்தன. திடலைச் சுற்றிலும் காடே மெல்லத் தீப்பற்றி, பின் மெல்ல மறைந்துபோகிற மாதிரி இருந்தது. தரையெல்லாம் இலை, நடந்தால் நொறுங்கும். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, விளக்குமாற்றை ஐந்தாம் குழியில் மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. மத்தியானம் ஒரு மணிக்குத் தனியாகப் போனேன். மணல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

கால் கணுக்கால் வரை உள்ளே போனது.

மாவு மாதிரி இருந்தது மணல். சூடு. காலைத் தூக்கினால் குழி தானாக மூடிக்கொண்டது. அங்கேயே நின்றேன். காலையில் இறுகிக் கிடக்கும் இடம் இதுதானா என்று இருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரிய துரை ஆடுவது இந்த மணலில். கிராணியார் ஆடுவது எங்கள் மணலில். அவர் கையில் ஒன்றும் இல்லை, எங்கள் பூவாளியில்தான் இருந்தது. வருகிற சனிக்கிழமை மத்தியானம் ஆடிக் காட்டும்போது அவர் வேண்டுமென்றே பந்தை இதற்குள் அனுப்புவார். அது புதைந்துபோகும்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே. தெளிச்சது தப்பா?"

"சனிக்கிழமை மத்தியானம் நாம வந்து ஐந்தாம் குழிக்கு மட்டும் தெளிச்சிட்டா என்னக்கா?"

"உச்சி வெயில்ல தண்ணி தெளிக்க இது என்ன பொணம் எடுத்த வீடா?" என்று அதட்டினார். "நல்ல காரியத்துக்குப் போற மனுஷனுக்கு அதைச் செய்யாதே. சின்ன துரை பார்த்தாலும் ஏமாத்துன்னுடுவாரு. நீ போய்ச் சொல்லிடு."

"நீங்க சொல்லுங்கக்கா."

"எனக்கு அவர் பாஷை வராது. நான் ஒண்ணு சொல்ல அவர் ஒண்ணு நினைப்பார். நீதான் பள்ளிக்கூடத்துல படிவம் மூணு வரைக்கும் படிச்சவ, போ."

படிவம் மூன்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். மூன்று காலையும் அவர் வந்தார், தலையசைத்தார், போனார். மூன்று காலையும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். பனி விலகியதும் அவரும் போய்விட்டார்.

வியாழக்கிழமை வேறு ஒன்று செய்தேன். அக்கா எட்டாம் குழிப் பக்கம் போன பிறகு, ஐந்தாம் குழி மணலில் வெயில் பக்கம் மட்டும் தெளித்தேன். மரத்தடிப் பக்கத்தை விட்டுவிட்டேன். கிளைக்குக் கீழே பனி இறங்காது. அந்தப் பாதியை வாரியால் ஆழமாகக் கிளறி, மேலே லேசாக இழுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவர் பந்து வழக்கம் போல உருண்டு வந்து அந்தப் பாதியில் இறங்கியது. பாதி மறைந்தது. சீவினார், மணல் மட்டும் பறந்தது. மறுபடி. மறுபடி. நாலாவது அடியில் பந்து வெளியே வந்து, பின்பக்கமாகவே உருண்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இண்டைக்கு இந்தப் பக்கம் வேலை செய்யேல்லையோ?"

"இல்லைங்கய்யா" என்றேன். "சனிக்கிழமை இப்படித்தாங்கய்யா இருக்கும்."

"என்ன சொல்லுறீர்?"

"நாங்க காலையில தண்ணி தெளிக்கிறோம். அதனாலதான் இறுகியிருக்கு. மத்தியானம் எல்லாம் காஞ்சிடும். மாவு மாதிரி ஆயிடும்."

அவர் குனிந்து அந்தப் பக்கத்து மணலை ஒரு கை அள்ளினார். இந்தப் பக்கத்து மணலை இன்னொரு கை. ஒன்று விரலிடுக்கில் ஒழுகியது. மற்றது உருண்டையாக நின்றது.

"ஆர் உங்களைத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்கய்யா. வாசல்னா தெளிச்சுத்தானே கூட்டணும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மணல் பள்ளத்தின் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையில் ஈரப் புல் ஒட்டியது. "ஆறு மாசம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "ஆறு மாசம் நான் உங்கட வாசல்லயோ ஆடியிருக்கிறன்."

தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

"ரெண்டு நாளில நான் இந்த மணலைப் பழக ஏலாது" என்றார். "வேற வழியும் இல்லை."

"இருக்குங்கய்யா."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே இருந்தது. சுங்கைப் பட்டாணியிலிருந்து வாரம் இரண்டு முறை ஆட வரும் சீனப் பல் வைத்தியர் ஒருவர் இருந்தார். ரொம்ப வயசானவர், பந்து தூரம் போகாது. அவருடைய ஆணி வைத்த சின்ன காலணித் தடம் திடல் முழுக்கப் புல்லில் இருக்கும். ஒரு மணல் பள்ளத்தில்கூட இருக்காது. நான் அவருக்காக ஒரு நாளும் வாரி பிடித்ததில்லை. அதனாலேயே அவர் தடத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் குழியில் அவர் இடது பக்கம் போவார், மரத்தைச் சுற்றி. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கிரீன் அகலமாகத் திறந்திருக்கும், நடுவில் மணல் கிடையாது.

கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

"அது ஒரு அடி கூட எல்லோ?" என்றார்.

"மணலுக்குள்ள ஒரு அடி போகுதுங்களே ஐயா. அந்த அடியை வெளியில அடிச்சிட்டா கணக்கு ஒண்ணுதான். நின்னு அடிச்ச தடத்தை எண்ணினா பல் வைத்தியருக்கும் அஞ்சுதான் வருது."

அவர் விரல் மடக்கி எண்ணினார். ஆபீசில் அத்தனை கணக்குப் போடுகிறவர், என் முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி இரண்டு தரம் எண்ணினார். பிறகு எழுந்து, பந்தை எடுத்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் போனார். இடது பக்கம் அடித்தார். முதல் பந்து சவுக்கில் பட்டது. இரண்டாவது நின்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஐந்தாம் குழியை விட்டு அவர் நகரவே இல்லை.

சனிக்கிழமை எங்களை மத்தியானமும் இருக்கச் சொன்னார்கள். காற்றடித்து இலை ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. பொறுக்கிப்போட ஆள் வேண்டும். ஐந்தாம் குழியின் இடது பக்கச் சவுக்கு மரத்தடியில் சாக்கை விரித்து அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் திடல் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல அசைந்தது. மூன்றரை மணிக்கு அந்த அசைவுக்குள் இரண்டு உருவம். ஒன்று சின்ன துரை, தொப்பியோடு. ஒன்று வெள்ளைச் சட்டை.

ஐந்தாம் குழியில் கிராணியாரின் முதல் அடி நன்றாக விழுந்தது. பந்து மரத்துக்கு முன்னால் நின்றது. அவர் தாழ அடிக்கும் மட்டையைத்தான் முதலில் உருவினார். மட்டையைப் பிடித்துக்கொண்டு கிளைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குறுக்கு வழி பளிச்சென்று தெரிந்திருக்கும். மணல் அங்கிருந்து அமைதியாகத்தான் தெரியும். சின்ன துரை கையை நீட்டி வலது பக்கம் காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் போகிற வழி அதுதானே.

அவர் மட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வேறொன்றை எடுத்தார். திரும்பி நின்றார்.

"ஐயையோ, எங்க அடிக்கிறாரு இந்த மனுஷன்?" என்று அக்கா எழுந்தே விட்டார். "கிரீன் அந்தப் பக்கம் லா! வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"உட்காருங்கக்கா" என்றேன்.

பந்து மரத்தைச் சுற்றி, எங்களுக்குப் பக்கத்தில் புல்லில் இறங்கி நின்றது. அவர் நடந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. சின்ன துரை பின்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது அடி உயரமாகப் போனது. கொஞ்ச நேரம் வானத்தில் பந்தே இல்லை. பிறகு கிரீனில் தட்டென்று விழுந்து, ஓடி, நின்றது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"அஞ்சு" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ என்னைக்கு இதெல்லாம் எண்ண ஆரம்பிச்சே? சரி, எப்ப அவர்கிட்ட சொன்னே?"

நான் சாக்கிலிருந்த இலையைக் கிளறினேன். "அடி, ஊமைக் கள்ளி!" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார். வலித்தது. சிரிப்பாகவும் இருந்தது.

மிச்ச நாலு குழிகளையும் நாங்கள் பார்க்க முடியவில்லை, மரங்கள் மறைத்தன. பந்து அடிபடும் சத்தம் மட்டும் தூரத்தூரமாகக் கேட்டது. ஏழாம் குழிப் பக்கம் ஒரு தரம் மரத்தில் மோதியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில், கிளப் கட்டடத்துக்கு முன்னால், மரங்களின் இடைவெளியில் சின்ன துரை தொப்பியைக் கழற்றுவதும் கை நீட்டுவதும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று என்று பிறகு கேள்விப்பட்டோம்.

திங்கட்கிழமை காலை பனி அடர்த்தியாக இருந்தது. தெளித்து, வாரி, கூட்டி முடித்தோம். மட்டை உரசும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, இனி அவர் காலையில் வர வேண்டியதில்லை. மற்ற எல்லாரையும் போல மத்தியானத்துக்கு மேல்தான் ஆடுவார். அக்கா அன்றும் பேசிக்கொண்டேதான் இருந்தார். எனக்குத் திடல் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நான் விரும்பித்தான் அதைச் செய்தேன். ஆனால் அதோடு அந்தக் காலைகளும் போய்விடும் என்று யோசித்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜித்ராவிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். கடிதம் வாங்க ஆபீஸ் ஜன்னலுக்குப் போக வேண்டும். எப்போதும் என் வீட்டுக்காரரைத்தான் அனுப்புவேன். அன்று நானே போனேன். கிராணியார்தான் இருந்தார். கடிதத்தைத் தேடி எடுத்து, கம்பிக்கு வெளியே நீட்டினார். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

"ஐயா, அன்னைக்கு மணல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

டைப் அடிக்கிற பையன் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். கிராணியார் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?" என்றார். "நான் அதுக்குள்ள இறங்கவே இல்லையே."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து பெரிய துரையின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் கடிதத்தால் வாயை மூடிக்கொண்டு ஓடிவந்தேன்.